ஒரு சுற்றுக்கு இரண்டு அணு

பெங்களூரை அடுத்த ஆனேக்கல்லிலிருந்து சந்தாபுரா வழியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரும் ஒரு சாதாரண காரை எடுத்துக்கொள்வோம். டயர் அளவு 165/80 ஆர்14. ஒரு முறை உருண்டால் 1.9 மீட்டருக்குச் சற்று மேல் நகரும். 45,000 கிலோமீட்டர் ஓடியபின் கழற்றுகிறோம் என்றால், அதற்குள் அந்த டயர் ஏறத்தாழ 2.3 கோடி முறை சுழன்றிருக்கும். இவ்வளவு ஓட்டத்தில் தேய்ந்த பட்டனின், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடுகளின், உயரம் சுமார் 6 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்குக் கால் நானோமீட்டர் வருகிறது. இரண்டு கரி அணுக்களை ஒட்டி வைத்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்.

இது சராசரிக் கணக்கு. ரப்பர் அணு அணுவாகக் கழல்வதில்லை. இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று பொடித் துணுக்குகளாகப் பிய்கிறது. என்றாலும் அந்தச் சராசரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஏனென்றால் ரப்பர் மோதுவது லேசுப்பட்ட எதிரியோடு அல்ல. பெங்களூரைச் சுற்றித் தரைக்கடியில் கிடப்பது தீபகற்ப நைஸ் பாறை. லால்பாக் குன்றில் ஏறினால் கையால் தொட்டுப் பார்க்கலாம். வயது சுமார் 300 கோடி ஆண்டு. இந்தப் பாறையில் இருக்கும் குவார்ட்ஸ் மணிகள் கத்தியின் எஃகையே கீறிவிடும். அதை உடைத்த ஜல்லிதான் தாரோடு கலந்து சாலையாகிறது. மேல்தார் தேய்ந்ததும் ஜல்லியின் முனைகள் வெளியே துருத்தி நிற்கும். அவற்றின் மீதுதான் ஒரு டன் கார், உள்ளங்கை அளவே உள்ள நான்கு திட்டுகளில் தன் முழு எடையையும் ஊன்றி ஓடுகிறது.

நேராக உருளும் சக்கரம் அதிகம் தேய்வதில்லை. பிரேக் பிடிக்கும்போதும், திருப்பும்போதும், விருட்டென்று கிளப்பும்போதும்தான் அந்தத் திட்டின் பின்பகுதி சாலையின் மீது நூலளவு வழுக்குகிறது. அந்த வழுக்கலில்தான் ரப்பர் பிய்கிறது. விசை இரட்டித்தால் வழுக்கலும் இரட்டிக்கும். தேய்மானம் இரண்டையும் பெருக்கியது என்பதால் நான்கு மடங்காகும். வளைவில் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய முனையில் 40-இல் திரும்பினால், இந்த எளிய கணக்குப்படி தேய்மானம் 16 மடங்கு. வீல் அலைன்மெண்ட் சரியில்லாத காரின் நிலை இன்னும் மோசம். அது நேர்ச் சாலையில் போகும்போதும் சக்கரங்கள் ஓயாமல் சிறிது திரும்பியபடியே உரசிக்கொண்டிருக்கின்றன. விலை உயர்ந்த டயரை வாங்கி மாட்டிவிட்டு அலைன்மெண்ட் பார்க்காமல் வருவது கொடுத்த காசைச் சாலையில் தேய்ப்பதே.

டயருக்குள் இருக்கும் கலவைதான் இதில் பெரிய அதிசயம். வெறும் ரப்பர் இந்தச் சாலையில் சீக்கிரமே கரைந்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரித்தூளைக் கலந்தபோது அதன் ஆயுள் பல மடங்கு கூடியது. அதுவரை டயர்கள் வெளிர் நிறத்தில்தான் இருந்தன. பிற்பாடு பியூட்டாடையீன் ரப்பர் வந்தது. அதைக் கூட்டினால் டயர் நீடித்து உழைக்கும், ஆனால் ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். பிடிப்புக்காகக் கலவையை மாற்றினால் தேய்மானம் கூடும், அல்லது உருளும்போது சூடாகி எரிபொருளைத் தின்னும். ஆயுள், ஈரப்பிடிப்பு, எரிபொருள் சிக்கனம் என்ற இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. 1992-இல் மிஷெலின் நிறுவனம் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைப் போட்டு, ஈரப்பிடிப்பை விடாமல் உருளல் தடையைக் குறைத்தது. இழுபறி தளர்ந்ததே தவிர தீரவில்லை. இந்தியாவில் 2022 ஜூன் மாதம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உருளல் தடை, ஈரப்பிடிப்பு, ஒலி ஆகிய மூன்றுக்கும் வரம்பு விதித்தது. ஆயுள் அந்தப் பட்டியலில் இல்லை.

எனவே அதை நாம்தான் தேட வேண்டும். சில டயர்களின் பக்கச்சுவரில் ‘ட்ரெட்வேர் 400’ என்பது போல ஓர் எண் இருக்கும். அமெரிக்க முறை அது. டெக்சாஸில் சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றிய சாலையில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்த ஓர் அடிப்படை டயரோடு ஒப்பிடுவார்கள். 400 என்றால் அதைவிட நான்கு மடங்கு ஆயுள். ஆனால் அந்த எண்ணைச் சூட்டிக்கொள்வது தயாரிப்பாளரே. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட அது உதவும். ஒரு கம்பெனியின் 400-ஐ இன்னொன்றின் 440-உடன் ஒப்பிட நான் துணிய மாட்டேன்.

விலையைக் கிலோமீட்டரால் வகுப்பதே நேர்மையான கணக்கு. உதாரணத்துக்கு, 4,500 ரூபாய் டயர் 35,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 13 காசு. 5,800 ரூபாய் டயர் 55,000 ஓடினால் பத்தரைக் காசு. ஆனால் இது தினமும் ஓடும் காருக்கான கணக்கு. ஞாயிற்றுக்கிழமை தளி பக்கம் ஒரு சுற்று, மற்ற நாளெல்லாம் வீட்டு வாசலில் நிறுத்தம் என்று ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கு அந்த 55,000 பயன்படாது. அதை ஓடி முடிக்கவே பதினோரு ஆண்டு ஆகும். அதற்குள் காற்றிலுள்ள ஓசோன் ரப்பரின் மூலக்கூறுகளை அறுத்து, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஆயுளை விட்டு ஈரப்பிடிப்புக்குப் பணம் கொடுப்பதே சரி. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஓசூர் சாலையில் பிரேக் போட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஓசோனைத் தடுக்கத்தான் 6பிபிடி என்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். பழைய டயரின் பக்கம் பழுப்பேறித் தெரிவது பெரும்பாலும் இது மேலே கசிந்து வருவதால்தான். இது டயரைக் காக்கிறது, ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாகவும் மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு அந்த மாறிய பொருளே காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். ஒரு டயர் தன் வாழ்நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ரப்பரைத் தூளாக உதிர்க்கிறது. மழை வந்தால் அந்தத் தூள் போய்ச் சேருவது வாய்க்காலுக்கும் ஏரிக்கும்தான். நிதானமாகத் தேயும் டயரை நான் விரும்புவதற்குப் பணம் மட்டும் காரணமல்ல.

கடையில் டயரைக் கையில் வாங்கியதும் முதலில் பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1425 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. ஓரகடத்திலும் அரக்கோணத்திலும் தேர்வாய் கண்டிகையிலும் டயர் ஆலைகள் இருக்கின்றன; அங்கிருந்து ஆனேக்கல் ஓர் இரவு லாரிப் பயணம். இரண்டு வருடப் பழைய சரக்கைத் தள்ளுபடி என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அளவுக்குப் பின்னால் வரும் 85டி போன்ற குறியும் பழைய டயரில் இருந்ததற்குக் குறையக் கூடாது. 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதற்கும், டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்துக்கும் உத்தரவாதம்.

காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். 10 டிகிரி வெப்பம் மாறினாலே ஒன்றரை பி.எஸ்.ஐ. வரை மாறிவிடும். காற்று குறைந்தால் இரு ஓரங்களும், கூடினால் நடுப்பகுதியும் முதலில் மொட்டையாகும். பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் குறுக்கே ஓடும் சிறு மேடு பட்டனோடு சமமாகிவிட்டால் சட்டப்படி அந்த டயரின் காலம் முடிந்தது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் புதியவற்றை முன்னால் போடச் சொல்வது வழக்கம், முன்சக்கரம்தானே அதிகம் தேய்கிறது என்று. புதியவை பின்னால்தான் இருக்க வேண்டும். ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் கார் வளைவை விட்டு விலகி நேரே போகப் பார்க்கும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் பிடிக்குள் வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அதைத் திருப்பிப் பிடிக்க நம்மில் பெரும்பாலோருக்குப் பழக்கமில்லை. அதனால் கடைக்காரர் ஜாக்கியை முன்பக்கம் தள்ளும்போதே, பின்னால் இருக்கும் பாதி தேய்ந்த ஜோடியை முன்னால் போடுங்கள், புதியதைப் பின்னால் மாட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.