நீரிற் கலக்கும் மருந்தெச்சமும் ஒளியூக்கியும்

பயிருக்குப் பாய்ச்சும் நீரிலுள்ள உவரையும் கிருமியையும் கமக்காரர் நன்கறிவர். கண்ணுக்கும் நாவுக்கும் புலனாகாத மற்றொரு மாசும் உண்டு, அது மருந்தெச்சமாகும். மனிதரும் கால்நடைகளும் உட்கொள்ளும் மருந்தில் ஒரு பகுதி மாற்றமடையாது கழிவுடன் வெளியேறுகின்றது. எழுவான்கரை மணற்றரையில் மலசலகூடக் குழிகளின் கசிவு ஆழமற்ற கிணறுகளை எளிதில் அடையக்கூடும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியிலும், முகத்துவாரங்களை மணல் மூடும் கோடையில், சேர்ந்த மாசு விரைவில் அகலாது.

இந்தியாவில் ஐதராபாத்தை அடுத்த பட்டன்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், இலீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்ததென 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டிற்று. இத்தகைய நீரிற் பழகிய பற்றீரியாக்கள் மருந்துக்கு அடங்கா. பின்னர் அவை மனிதருக்கோ மாட்டுக்கோ நோய் விளைப்பின் அம்மருந்து பயன்படாது.

நீரைக் கொதிக்க வைத்தாற் கிருமி மடியும். மருந்தெச்சங்கள் பெரும்பாலும் நீங்கா. அவற்றைச் சிதைக்க ஆராயப்படும் வழிகளுள் ஒன்று ஒளியூக்கியாகும். தைத்தானியமீரொட்சைட்டு எனும் வெண்டூளின்மீது ஊதா கடந்த ஒளி படும்போது, நீரிலிருந்து ஐதரொட்சில் மூலிகங்கள் தோன்றி மருந்தின் மூலக்கூறுகளை உடைக்கின்றன. தூளோ செலவாவதில்லை. ஒளிபட்ட இப்பொருள் நீரையே பிரிக்குமென யப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் வெளியிட்டனர். திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலிலுள்ள இல்மனைற்று இத்தூளுக்கு மூலப்பொருளாகும்.

எனினும், இத்தூளைக் கிணற்றில் இடுதல் கூடாது. கிணற்றின் ஆழத்திற்குப் போதிய ஒளி செல்லாது. கலங்கல் ஒளியை மறைக்கும். உவர்நீரின் குளோரைட்டு மூலிகங்களைக் கவர்ந்துகொள்ளும். நுண்டூளை மீண்டும் வடித்தெடுப்பதும் அரிது. சிதைவு இடையில் நின்றால், எஞ்சும் பொருள்கள் தீங்கு செய்யவுங் கூடும். தெளிந்த நீரை ஒளிபடுந் தொட்டியிற் செலுத்தி, முறையாகச் சோதிக்கும் நிலையங்களுக்கே இம்முறை ஏற்றது.

கமக்காரர் இன்றே செய்யத்தக்கவை வருமாறு:

1. எஞ்சிய மருந்துகளை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ எறியாதிருத்தல்.

2. கோழி எருவைப் பச்சையாக இடாது, நன்கு மக்கச் செய்து இடுதல். மக்கும்போது நுண்ணுயிர்க்கொல்லிகள் பல குறைவடையும்.

3. கால்நடைகளுக்கு மிருக வைத்தியரின் ஆலோசனைப்படியே மருந்து கொடுத்தல்.

4. புதுக் கிணற்றை மலசலகூடத்திற்கும் மாட்டுத் தொழுவத்திற்கும் மேட்டுப்புறமாக, இயன்றளவு தொலைவில் அமைத்தல்.