உறங்கும் ஒப்பந்தங்கள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவி

பொருநை நதி கடலோடு கலக்கும் இடத்தில் அந்நாளில் கொற்கை என்னும் பெருந்துறை இருந்தது. பாண்டிய நாட்டு முத்துக்கள் அங்கிருந்து கடல் கடந்து சென்றன. கிரேக்கப் புவியியலாரும் அத்துறையின் பெயரைத் தம் நூல்களில் குறித்து வைத்தார்கள். ஆனால் ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கடலைக் கிழக்கே தள்ளியது. கப்பல்கள் காயலுக்குச் சென்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதியது காயலைத்தான். பின்னர் காயலும் தூர்ந்தது, தூத்துக்குடி எழுந்தது. கொற்கை இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த ஒரு சிற்றூர்.

கொற்கையை இன்னும் துறைமுகம் என்றே ஏட்டில் எழுதி வைத்திருந்தால் அங்கே கப்பல் வந்துவிடுமா? வராது. ஏட்டை நம்பிச் சரக்கைச் சுமந்து சென்றவன்தான் வயல் வரப்பில் நின்று ஏமாறுவான். உயர்கல்வி உலகிலும் இத்தகைய ஏடுகள் உண்டு. ஒரு நாட்டுப் பல்கலைக்கழகம் மற்றொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தோடு என்றோ செய்துகொண்டு, இன்று செயலற்றுக் கிடக்கும் ஒப்பந்தங்களே அவை. அவற்றை அவ்வப்போது ஆராய்வதும், உயிரற்றவற்றை முறைப்படி முடித்து வைப்பதும் ஏன் தேவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பந்தம் என்பது யாது?

இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பணியாற்ற விரும்பினால் முதலில் ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ ஒன்றில் கையெழுத்திடும். ஆசிரியர்களை அனுப்புதல், மாணவர்களைப் பரிமாறுதல், ஆய்வு நடத்துதல், கருத்தரங்கு கூட்டுதல் முதலியன அதில் பொதுவாகக் கூறப்படும். பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு என்று எழுதுவார்கள். பணம் யார் தருவது, பாடங்களின் மதிப்பெண்ணை யார் ஏற்பது போன்றவற்றுக்குத் தனி உடன்படிக்கை வேண்டும். முன்னது நிச்சயதார்த்தம் என்றால் பின்னது திருமணம் எனலாம். நிச்சயதார்த்தத்தோடு நின்றுபோனவையே பெரும்பாலும் உறங்கும் ஒப்பந்தங்கள் ஆகின்றன.

அவை ஏன் உறங்குகின்றன?

காரணங்கள் பல. ஓர் ஒப்பந்தத்தை உயிரோடு வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு பேராசிரியராக இருப்பார். அவர் அங்கே படித்தவராகவோ, அங்குள்ள ஆய்வாளரின் நண்பராகவோ இருப்பார். அவர் ஓய்வு பெற்றாலோ, மாற்றலாகிச் சென்றாலோ கடிதப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. சில ஒப்பந்தங்களில் பயணச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படுவதில்லை. சிலவற்றில் ஒருவர் கல்வியாண்டு ஜூனிலும் மற்றவர் கல்வியாண்டு செப்டம்பரிலும் தொடங்குவதால் மாணவரை அனுப்புவதே இயலாமல் போகிறது.

இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கையெழுத்திடும் நாள் விழாவாகிறது. சால்வை, புகைப்படம், நாளிதழ்ச் செய்தி எல்லாம் கிடைக்கின்றன. முடித்து வைக்கும் நாளுக்கு எவரும் சால்வை போர்த்துவதில்லை! ஆகவே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, இறங்குவதில்லை. 1994இல் நிறுவப்பட்ட ‘நாக்’ என்னும் தேசிய மதிப்பீட்டு அமைப்பு, கல்வி நிறுவனங்களிடம் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கேட்டபோது, ‘செயற்பாட்டில் உள்ள’ என்ற அடைமொழியையும் சேர்த்தே கேட்டது. அந்த ஒரு சொல்லில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. செயற்படாதவையும் ஏராளம் என்பதை அறிந்தவர்களே அப்படிக் கேட்க முடியும்.

இருந்தால் என்ன கெட்டுவிடும்?

“அது பாட்டுக்குக் கோப்பில் கிடக்கட்டுமே, சோறா கேட்கிறது?” என்று சிலர் கூறலாம். கோப்பில் மட்டும் கிடந்தால் கேடு சிறிதுதான். ஆனால் அது விளம்பரப் பலகைக்கு வந்துவிடுகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த சமயம், ஒரு தனியார் கல்லூரியின் துண்டறிக்கை வீட்டுக்கு வந்தது. அதில் பல நாட்டுக் கொடிகள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் என் தந்தையார் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏளா, இதுல சேந்தா ஒன்ன அந்த ஊருக்கெல்லாம் படிக்க அனுப்புவாவளா?” என்று கேட்டார். கட்டணத்துக்கு நிலத்தை ஒத்தி வைக்கவும் அவர் ஆயத்தமாக இருந்தார். பக்கத்துத் தெருவில் அங்கே படித்து முடித்த அக்காவிடம் விசாரித்தோம். மூன்று ஆண்டுகளில் எவரும் போகவுமில்லை, எவரும் வரவுமில்லை என்றார்.

படித்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்தக் கொடிகளைக் கண்டால் புன்னகை செய்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். விசாரிக்க அவர்களுக்கு மாமா உண்டு, சித்தப்பா உண்டு. விசாரிக்க ஆளில்லாத வீட்டில் அச்சடித்த எழுத்தே வேதவாக்கு. ஆகவே செத்த ஒப்பந்தத்தின் சுமை, யாருக்கு விவரம் குறைவோ அவர் தலையிலேயே இறங்குகிறது. இது சிறிய கேடன்று.

வேறு கேடுகளும் உள்ளன. உயிருள்ள இரண்டு மூன்று ஒப்பந்தங்கள் உயிரற்ற முப்பதின் நடுவே மறைந்துவிடுகின்றன. உண்மையான வாய்ப்பு எது என்று மாணவனுக்குத் தெரிவதில்லை. தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் விதி எழுதப்பட்டிருந்தால், எவரும் படிக்காத பொறுப்புகள் பல்கலைக்கழகத்தைப் பிணைத்துக்கொண்டே இருக்கும்.

உறக்கமா, மரணமா?

இங்கே தாவரவியல் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. முளைக்காத விதை எல்லாம் செத்த விதை அன்று. சில நெல் வகைகள் அறுவடையான புதிதில் நீர் விட்டாலும் முளைப்பதில்லை. சில வாரம் சென்றபின் நன்றாக முளைக்கின்றன. இதை ‘விதை உறக்கம்’ என்கிறோம். பிசானத்துக்கு நாற்றுப் பாவும் முன் உழவர்கள் நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தன என்று பார்ப்பார்கள். சான்று பெற்ற நெல் விதையில் நூற்றுக்கு 80ஆவது முளைக்க வேண்டும் என்பது விதி. ஆய்வுக்கூடத்தில் டெட்ரசோலியம் என்னும் உப்புக் கரைசலில் விதையை ஊற வைப்போம். உயிருள்ள கருவின் திசுக்கள் சுவாசிப்பதால் சிவப்பாக மாறும். செத்தது நிறம் மாறாது.

ஒப்பந்தங்களுக்கும் அத்தகைய சோதனை ஒன்று வேண்டும். ஐந்து கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது.

1. கடந்த மூன்று ஆண்டுகளில் இதன் பேரில் யாராவது போனார்களா, வந்தார்களா?
2. சேர்ந்து நடத்திய ஆய்வோ பாடமோ உண்டா?
3. இரு பக்கத்திலும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாரா? கடிதம் எழுதினால் பதில் வருகிறதா?
4. இதற்கென்று பணமும் நேரமும் ஒதுக்கப்பட்டுள்ளனவா?
5. இது இன்று இல்லையென்றால், நாளை புதிதாகக் கையெழுத்திடுவோமா?

எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது உயிருள்ளது, தொடரலாம். சிலவற்றுக்கு மட்டும் ‘ஆம்’ என்றால் அது உறங்குகிறது. புதிய பொறுப்பாளரை அமர்த்தி, ஓராண்டு தவணை கொடுத்துப் பார்க்கலாம். எல்லாம் ‘இல்லை’ என்றால் வீணே நீர் ஊற்ற வேண்டாம்.

வரலாறு காட்டும் வழி

முடிவு என்றாலே தோல்வி என்று எண்ணுவது தவறு. கான்பூர் இந்திய தொழில்நுட்பக் கழகத்தை வளர்ப்பதற்காக அமெரிக்காவின் ஒன்பது பல்கலைக்கழகங்கள் கூடி 1962இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. 1963இல் அங்கு ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்தது. கணிப்பொறிக் கல்வி வேரூன்றியது. பத்தாண்டுகள் கழித்து, 1972இல் திட்டம் நிறைவு பெற்றது. நிறுவனம் தன் காலில் நின்றது.

இலங்கையைப் பாருங்கள். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளையே எழுதினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அந்த ஏற்பாடு தன் பணியை முடித்துக்கொண்டது. பிள்ளை நடக்கத் தொடங்கியபின் நடைவண்டி எதற்கு?

சிங்கப்பூரில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய கல்லூரி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. 2021 ஆகஸ்டில் அதை முடிக்கப் போவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு சேர்ந்தவர்களே கடைசி மாணவர்கள். அவர்கள் 2025இல் படிப்பை முடிக்கும்வரை கல்லூரி நடந்தது. தங்களைக் கலந்து பேசவில்லை என்று மாணவர்கள் வருந்தினார்கள், அது நியாயமே. ஆனால் எவரையும் நடுவழியில் இறக்கிவிடவில்லை என்பது பாராட்டத்தக்கது.

நம் நாட்டில் நடந்தது வேறு விதம். 2019 அக்டோபரில், சீன நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்யுமுன் வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் ஒப்புதல் பெற வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நேர்ந்தது. அதன் பின்னர், சீன நிறுவனங்களோடு இந்தியக் கல்வி நிறுவனங்கள் செய்திருந்த 54 ஒப்பந்தங்களையும், கன்பூசியஸ் மையங்கள் தொடர்பாக ஏழு நிறுவனங்களையும் ஆராயக் கல்வி அமைச்சகம் முற்பட்டதாகச் செய்திகள் வந்தன. அந்த ஏழில் கோவை பாரதியார் பல்கலைக்கழகமும் வேலூர் வி.ஐ.டி.யும் இடம்பெற்றிருந்தன. நாட்டின் பாதுகாப்புக்காக ஆராய்வதை எவரும் குறை கூற இயலாது. ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. எது உயிருள்ளது, எது பெயரளவில் உள்ளது என்ற கணக்கு ஆண்டுதோறும் ஆயத்தமாக இருந்தால், இத்தகைய நேரத்தில் பதில் சொல்வது எளிது. இல்லையேல் நல்ல ஆய்வுத் தொடர்பும் வெற்றுக் காகிதமும் ஒரே பட்டியலில் ஒரே சந்தேகத்துக்கு ஆளாகும். வெள்ளம் வந்தபின் மடையைத் தேடுவது ஆற்றங்கரை மக்களான நமக்கு அழகன்று.

முடித்து வைக்கும் முறை

முடிப்பதிலும் ஒரு முறை வேண்டும். முதலில், அந்த ஒப்பந்தத்தின் பேரில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் எவராவது உளரா என்று பார்க்க வேண்டும். ஒருவர் இருந்தாலும் அவர் படிப்பு முடியும்வரை காக்க வேண்டும். மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிமுறைகள், வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் பட்டப்படிப்பை முடிக்க இயலாத மாணவர் வெளியேறுவதற்கான வழியையும், அவர் பெற்ற மதிப்பீட்டுப் புள்ளிகள் ஏற்கப்படும் விதத்தையும் முன்கூட்டியே வகுக்கச் சொல்கின்றன. மிக நல்ல விதி இது.

அடுத்து, ஒப்பந்தத்தில் குறித்த கால அவகாசத்தோடு மறுபக்கத்தாருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். ‘இத்தனை ஆண்டுகள், இன்னின்ன பணிகள், இன்று நிறைவு செய்கிறோம், மீண்டும் தேவை எழுந்தால் கூடுவோம்’ என்று பண்போடு கூறினால் எவருக்கும் மனக்கசப்பு வராது. பின்பு ஆட்சிக்குழுவில் பதிவு செய்து, கோப்பை ஆவணக் காப்பறையில் வைக்க வேண்டும். அன்றே இணையதளத்திலிருந்தும் விளம்பரப் பலகையிலிருந்தும் கொடியை இறக்கிவிட வேண்டும். இந்தக் கடைசிச் செயலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

“கதவைச் சாத்திவிட்டால் மறுபடி திறக்குமா?” என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் திருநெல்வேலிச் சீமைக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதனோடு இணைந்தன; 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதன்பால் வந்தன. மூத்த பட்டதாரிகளின் சான்றிதழ்களில் இம்மூன்று பெயர்களையும் காணலாம். எந்தச் சான்றிதழும் செல்லாமற் போகவில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் பகை விளையவில்லை. முறையாக முடிந்த உறவு மதிப்பை இழப்பதில்லை.

கடல் கடந்த கல்வி உறவு நமக்கு வேண்டாம் என்று நான் கூறவில்லை, மிகவும் வேண்டும். ஒரு கிராமத்து மாணவி அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதம் நின்று பழகினாலும் அவள் வாழ்க்கை மாறும். அதனாலேதான் அந்த உறவு மெய்யாக இருக்க வேண்டும் என்கிறேன். முப்பது கொடிகள் வேண்டாம்; ஆண்டுக்கு இரண்டு பேரையாவது அனுப்பும் ஒரு கொடி போதும். ஆண்டுக்கொரு முறை கணக்குப் பார்ப்போம். உயிருள்ளதற்கு நீர் வார்ப்போம். உயிரற்றதற்கு நன்றி கூறி விடை கொடுப்போம். மாணவ நண்பர்களும் ஒன்று செய்யலாம். எந்த ஒப்பந்தத்தின் பெயரைக் கேட்டாலும், “சென்ற ஆண்டு இதில் போனவர் யார்?” என்று பணிவோடு ஒரு கேள்வி கேட்போம். துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தந்தைக்கும் அந்தக் கேள்வியின் பதில் கடன்பட்டிருக்கிறது.