பின் ஆக்சிலில் இரண்டு பற்சக்கரங்கள்

தாதரிலிருந்து புனேக்குப் பத்மினி டாக்சியில் போனவர்கள் கண்டாலா மலையேற்றத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1089 சி.சி. எஞ்சின், உள்ளே ஆட்கள், மேலே மூட்டைகள். சமதளத்தில் சொன்னபடி கேட்ட வண்டி, ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கி முனகும். குர்லாவில் உருவான அந்த வண்டி டாக்சியாகக் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபர் 29ல். இருபதாண்டுக் கெடு முடிந்து 2023 அக்டோபரோடு டாக்சித் தொழிலிலிருந்து விடைபெற்றது.

ஏற்றத்துக்கு ஒரு கணக்கு, சமதளத்துக்கு ஒரு கணக்கு என்று பின் ஆக்சிலையே மாற்றிக்கொள்ள முடிந்தால்? அப்படி ஒரு ஆக்சில் உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த டெட் ஹாலிபிராண்ட், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பந்தயக் கார்களுக்காக அதைச் செய்து பெயர் பெற்றார். ‘குவிக் சேஞ்ச்’ என்று அதைச் சொல்கிறார்கள்.

சாதாரண டிபரன்ஷியலில் கிரவுனும் பினியனும் சேர்ந்துதான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. 4.11 என்றால், புரொப்பல்லர் ஷாப்ட் 4.11 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எண் கூடினால் இழுவை; குறைந்தால் வேகம். இதை மாற்ற வேண்டுமானால் கிரவுன், பினியன் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஷிம் வைத்து, பேரிங் இறுக்கம் பார்த்து, பல்லில் மை தடவிப் பதிவு பார்க்க வேண்டும். செலவு மிச்சமென்று பழைய பினியனுக்குப் புதுக் கிரவுன் போட்டவர்கள், வண்டி போட்ட ஊளையைத் தெருமுனை வரை கேட்டிருப்பார்கள்!

குவிக் சேஞ்சில் கிரவுன் பினியனைத் தொடுவதே இல்லை. ஷாப்ட் கிரவுனுக்கு அடியில் புகுந்து உறையின் பின்புறம் வந்துவிடுகிறது. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நேர்ப்பல் சக்கரங்கள். கீழ்ச்சக்கரம் மேல்சக்கரத்தைச் சுற்ற, மேல்சக்கரம் பினியனைச் சுற்றுகிறது. ஆயிலை வடித்துவிட்டுப் பின்மூடியின் நட்டுகளைக் கழற்றினால் இரண்டும் கையோடு வந்துவிடும். கீழே 20 பல், மேலே 24 பல் என்றால் 4.11 என்பது 4.93 ஆகிறது. மேல்கீழாக மாற்றிப் போட்டால் 3.43. அதே 44 பல்லை 21, 23 என்று பிரித்த இன்னொரு ஜோடி இருந்தால் 4.50, 3.75 என மேலும் இரண்டு கணக்குகள். எல்லாம் சில நிமிட வேலை.

பந்தயத்தில் இதன் அருமை தெரியும். சென்னைக்கு அருகே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீண்ட நேர்பாதைக்கு ஒத்துவரும் கணக்கு வளைவைத் தாண்டி எழும்பும்போது காலை வாரிவிடும்.

தெருவுக்கு வரும்போது

பழைய போர்டு கார்களைப் பிரித்துப் பெரிய எஞ்சின் ஏற்றி ஓட்டும் ‘ஹாட் ராட்’ பிரியர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் இந்தப் பழைய பந்தய ஆக்சிலைத் தேடிப் பிடித்துத் தெரு வண்டியில் பொருத்துகிறார்கள். வேலை அங்கேதான் ஆரம்பம். பந்தய ஆக்சிலில் இரு சக்கரமும் ஒன்றாகப் பூட்டியிருந்தால், தெருமுனையில் திரும்பும்போது ஒரு டயர் தேய்ந்து இழுபடும். அதற்கு முறையான டிபரன்ஷியல் வைக்க வேண்டும். நேர்ப்பல்லின் இரைச்சலை மட்டும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

1948 வரை வந்த போர்டுகளில் ஷாப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கும். புது கியர்பாக்சோடு இணைக்கத் திறந்த ஷாப்டாக மாற்றுகிறார்கள். அப்போது ஆக்சில் முறுக்கித் திரும்பாமல் பிடிக்கத் தனிக் கம்பிகள் வேண்டும். இதை மறந்தவன் முதல் கிளட்ச் விடுதலிலேயே பாடம் படிப்பான்.

அகலத்தைக் குறைப்பதுதான் நம் தாராவி லேத்காரர்களுக்குப் புரியக்கூடிய நுட்பம். குழாயை வெட்டி வெல்டு வைத்தால், சூடு பட்ட பக்கம் இழுத்து வளையும். இரு முனைக்கும் நடுவே நேர்த்தண்டு செருகி, சிறிது சிறிதாக வைக்க வேண்டும். ஆக்சில் ஷாப்டை மட்டும் வெட்டி ஒட்டவே கூடாது. தகுந்த உருக்கில் புதிதாகக் கடைந்து பல் வெட்ட வேண்டும். பழைய போர்டில் ஹப்பைப் பிடித்திருப்பதே ஷாப்டின் கூம்பு முனைதான். அது ஒடிந்தால் சக்கரம் தனியே ஓடிவிடும். அதனால் கவனமானவர்கள் சக்கரத்தின் பாரத்தைக் குழாயே தாங்கும் ஹப் வைக்கிறார்கள்.

இங்கே இதைச் செய்ய நினைப்பவர் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது.

இன்னொன்று. ஹாலிபிராண்டின் பழைய உறைகள் பல மக்னீசியத்தில் வார்க்கப்பட்டவை. பார்க்க அலுமினியம் போலிருக்கும். அதன் சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. தீ இன்னும் சீறும். லேத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும்.