மாட்டு வண்டிப் பந்தயம்: ஜெயிக்கப் போற ஜோடியை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

குச்சனூர்னு சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு சனீஸ்வரர் கோயிலும் ஆடிச் சனிக்கிழமைக் கூட்டமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் திருவிழா சீசனில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கம் பைக்கில் போனவர்கள் இன்னொரு கூட்டத்தையும் பார்த்திருப்பார்கள். காலையிலேயே ரோட்டின் ரெண்டு பக்கமும் ஆட்கள். மைக்கில் ஒவ்வொரு ஊர்ப் பெயராக அறிவிப்பு. தூரத்தில் ஹாரன் சத்தம், அதற்கு முன்னால் பாய்ந்து வரும் ஒரு ஜோடிக் காளை.

கிண்டியில் குதிரை ஓடினால் கையில் ஒரு புத்தகம் இருக்கும். எந்தக் குதிரை, யார் ஜாக்கி, கடந்த முறை எத்தனையாவது இடம் என்று எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் புத்தகம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் மண்டைக்குள்தான் இருக்கிறது. அவர்கள் எதைப் பார்த்து "இந்த வண்டிதான்" என்கிறார்கள்?

சிட்டு, மான், கரிச்சான்... இதெல்லாம் என்ன?

பந்தய நோட்டீஸைப் படித்தால் பறவைகள் சரணாலயம் மாதிரி இருக்கும். தட்டான் சிட்டு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, புள்ளிமான், கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு. இவை மாட்டு இனங்கள் கிடையாது, போட்டிப் பிரிவுகள். மிகச் சிறிய கன்றுகள் தட்டான் சிட்டில் ஓடும். வயதும் உயரமும் ஏற ஏற, பிரிவும் ஏறும். கடைசியில் பெரிய மாடு.

மாட்டுக்கு ஆதார் கார்டு இல்லை, பல்தான் வயதுச் சான்று. கன்றுக்கு இருப்பது பால் பற்கள். சுமார் ரெண்டு வயதில் முதல் ஜோடி நிரந்தரப் பல் முளைக்கும். அதன் பிறகு நாலு பல், ஆறு பல் என்று ஏறி, நாலு முதல் ஐந்து வயதுக்குள் எட்டுப் பல்லும் சேர்ந்துவிடும். "பல்லு போட்டுச்சா?" என்ற கேள்வி மாட்டுச் சந்தையில் மட்டுமல்ல, பந்தய ரோட்டிலும் முக்கியமானது.

ஒவ்வொரு பிரிவுக்கும் தூரம் வேறு. பள்ளிக்கூடத்தில் கிலோமீட்டர் வந்து பல வருஷம் ஆனாலும் இங்கே இன்னும் மைல் கணக்குதான். "போக வர ஆறு மைல்" என்றால், மூணு மைல் போய், எல்லைக் கொடியைச் சுற்றி, அதே ரோட்டில் திரும்பி வர வேண்டும். அதாவது கிட்டத்தட்ட 9.6 கிலோமீட்டர். வண்டிகள் அதிகம் வந்தால் ரெண்டு சுற்றாகப் பிரித்து விடுவார்கள்.

கோயம்புத்தூர் ரேக்ளாவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. கொங்கு மண்டல ரேக்ளாவில் தூரம் 200 மீட்டர் அல்லது 300 மீட்டர்தான். யார் முந்துகிறார்கள் என்பதைவிட யாருடைய நேரம் குறைவு என்பதுதான் அங்கே கணக்கு. அது நூறு மீட்டர் ஓட்டம் மாதிரி. தேனி, மதுரை, சிவகங்கை, தூத்துக்குடி பக்கம் நடப்பது நீண்ட தூர ஓட்டம். இதில் வேகம் பாதி, தெம்பு பாதி. முதல் மைலில் முன்னால் போகிற வண்டி கடைசி மைலில் காணாமல் போவது சகஜம்.

குதிரை மாதிரி காளையும் ஓடுமா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. குதிரை வியர்த்துக் கொட்டி உடம்பைக் குளிர வைக்கும். மாட்டுக்கு அந்த அளவுக்கு வியர்வை வராது; மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். குதிரைக்கு ஒற்றை அறை வயிறு. மாடு அசைபோடும் பிராணி, வயிற்றில் நாலு அறைகள். முதல் அறை மட்டும் பெரிய மாட்டில் 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். வயிறு முட்டத் தின்ற காளை ஓடினால் அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் இழுக்கிறது.

குளம்பும் வேறு. குதிரைக்கு ஒரு காலுக்கு ஒரு லாடம், மொத்தம் நாலு. மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு என்பதால் ஒரு காலுக்கு ரெண்டு தகடு, மொத்தம் எட்டு. தார் ரோட்டில் ஓடும் மாட்டுக்கு இதில் ஒன்று தேய்ந்திருந்தாலும் நடை மாறிவிடும்.

அப்போ ஜெயிக்கிற ஜோடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

*முதலில் ஜோடியைப் பாருங்கள், தனி மாட்டை அல்ல.* ஒரே வண்டிக்கு மைக்கில் ரெண்டு ஊர், ரெண்டு உரிமையாளர் பெயர் சொல்வதைக் கேட்டிருக்கலாம். ஒரு மாடு இவருடையது, இன்னொன்று அவருடையது. ரெண்டும் தனித்தனியே சூரப்புலியாக இருக்கலாம். ஆனால் உயரமும் எட்டு வைக்கும் நீளமும் ஒத்துப்போகாவிட்டால் நுகத்தடி ஒரு பக்கம் சாயும், வண்டி இழுத்துக்கொண்டே போகும். பூட்டியதும் நுகத்தடி மட்டமாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் பரிசோதனை.

*ரெண்டாவது, வயிறு.* பந்தயத்துக்குக் கொண்டுவரும் மாட்டின் விலா ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் கண் குழி விழுந்திருக்கக் கூடாது. பருத்தி விதை, உளுந்து, தவிடு என்று மாதக்கணக்கில் போட்ட தீனி உடம்பில் தெரிய வேண்டுமே தவிர, அன்றைக்குக் காலையில் வயிற்றில் தெரியக் கூடாது.

*மூணாவது, நிற்கிற விதம்.* மைக் அலறுகிறது, வெடி வெடிக்கிறது. அப்போதும் அமைதியாக நிற்கும் ஜோடிக்குத் தெம்பு மிச்சம் இருக்கும். புறப்படும் முன்னரே துள்ளிக் கயிற்றை இழுக்கும் மாட்டைப் பார்த்து இளவட்டங்கள் விசில் அடிப்பார்கள். பெரியவர்கள் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

*நாலாவது, திருப்பம்.* பந்தயத்தின் பாதி ஜெயிப்பு எல்லைக் கொடியில் இருக்கிறது. சில ஊர்களில் கொடியை முதலில் எட்டும் வண்டிக்குத் தனிப் பரிசே உண்டு. திரும்பும்போது உள்பக்க மாடு எட்டைக் குறைக்க வேண்டும், வெளிப்பக்க மாடு கூட்ட வேண்டும். இது பழக்கத்தில் மட்டுமே வரும். நல்ல சாரதி கொடிக்கு முன்பே வேகத்தைக் கொஞ்சம் விடுவார், திரும்பிய பிறகு எடுப்பார். அவசரப்பட்டவர் வண்டி அகலமாகச் சுற்றும், சில நேரம் கவிழும்.

*அஞ்சாவது, கம்பு எப்போது எழுகிறது என்பது.* சாரதியும் துணைச் சாரதியும் குரலிலேயே ஓட்டிக்கொண்டு வந்தால் மாட்டிடம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். திருப்பத்துக்கு முன்பே அடி விழ ஆரம்பித்த வண்டியில் தெம்பு தீர்ந்துவிட்டது. அடித்து வாங்கும் வேகம் கொஞ்ச தூரத்துக்குத்தான் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2011-ல் மத்திய அரசு காளையைக் காட்சி விலங்குகளாகப் பயன்படுத்தக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. காளை பாரம் இழுக்கும் பிராணி, அதன் உடலமைப்பு இதற்கானது அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் முக்கிய வாதங்களில் ஒன்று. 2017 ஜனவரியில் மெரினா போராட்டம், தமிழக அரசின் சட்டத் திருத்தம். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரா, கர்நாடகா ஆகிய மூன்று மாநிலத் திருத்தங்களும் செல்லும் என்றது. ஆனால் விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்றும் சொன்னது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, 1965-ம் ஆண்டின் பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான விதிகள். முள் பொருத்திய குச்சி, கூரான எந்தக் கருவியையும் வண்டி மாட்டின் மீது பயன்படுத்தக் கூடாது. அதாவது தார்க்குச்சி கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது. கோடையில் பந்தயம் 8 மணிக்குத் தொடங்குகிறதா, 11 மணிக்கா என்பது மாட்டுக்கு வாழ்வா சாவா பிரச்சினை.

பெட் கட்டலாமா?

குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். ஆனால் அது கிளப் மைதானத்தில் ஓடும் குதிரை பற்றியது. ரோட்டில் ஓடும் மாட்டு வண்டி மீது பணம் கட்டிவிட்டு அந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. முன்பு அந்த வயலை உழுதது காளை. இப்போது டிராக்டர். உழவுக்குத் தேவைப்படாத காளைக் கன்றை வீட்டில் வைத்து வளர்க்க விவசாயிக்கு இருக்கும் ஒருசில காரணங்களில் பந்தயமும் ஒன்று. பந்தயம் நின்றால் அந்தக் கன்று போகிற இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதே சமயம் பந்தயத்துக்கு ஆபத்து கோர்ட்டில் இருந்து மட்டும் வருவதில்லை. வண்டிக்குப் பின்னால் ஹாரன் அடித்தபடி துரத்தும் பைக்குகள், வீடியோவுக்காக ரோட்டின் நடுவில் வந்து நிற்பவர்கள், அடித்தால்தான் ஓட்டம் என்று நினைத்து "போடு, போடு" என்று கத்துபவர்கள். ஒரு விபத்து, ஒரு வைரல் வீடியோ போதும், அடுத்த வருஷம் அந்த ஊருக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம்.

அடுத்த பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு...

வரப்போகும் சீசனில் எந்த ஜோடி தேறும் என்று தெரிய வேண்டுமானால், பரிசு கொடுக்கும் மேடைக்குப் போகாதீர்கள். பந்தயம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து மாடுகள் கட்டியிருக்கும் மரத்தடிக்குப் போங்கள். வாயைத் திறந்து, நாக்கு தொங்க, இன்னும் இரைத்துக்கொண்டிருக்கும் மாடு இன்றைக்கு முதல் பரிசே வாங்கியிருந்தாலும் அடுத்த வாரம் ஓடக் கூடாது, ஓட்டினாலும் தேறாது. மூணாவது வந்த ஜோடி படுத்து நிதானமாக அசைபோட ஆரம்பித்துவிட்டதா? அந்த ஊர்ப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.