கியூவும் காஃபும்

சென்ற டிசம்பர் விடுமுறையில் நானாவுடன் ஸ்கிரபிள் ஆடினேன். ஏழு புள்ளிகள் முன்னால் நின்றேன். நானா கடைசிக் கட்டையை வைத்து ஆட்டத்தை முடித்தபோது என் கையில் ஒரேயொரு எழுத்து மிஞ்சியிருந்தது. அது கியூ. மிஞ்சும் எழுத்தின் பெறுமதி நம் கணக்கிலிருந்து கழிந்து எதிராளியின் கணக்கில் சேரும். கியூவின் பெறுமதி பத்து. வென்றுகொண்டிருந்த நான் பதின்மூன்று புள்ளிகளால் தோற்றேன்.

"யூ இல்லாமல் கியூவை எங்கே வைப்பது?" என்று கேட்டேன்.

"பலகையில் ஐ சும்மா கிடந்ததே" என்றார் நானா. கியூ, ஐ என்ற இரண்டே எழுத்துகளில் ஒரு சொல் உண்டாம். உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லாம். அன்றிலிருந்துதான் எழுத்துகளைக் கொண்டு சொல் தேடத் தொடங்கினேன்.

இவ்விளையாட்டை உருவாக்கியவர் அல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அவர், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் கட்டைகளின் தொகையை வகுத்தார். 1948இல் ஸ்கிரபிள் என்று பெயர் பெற்ற இவ்விளையாட்டில் 100 கட்டைகள் உள்ளன. அடிக்கடி வரும் ஈக்கு 12 கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே புள்ளி. யூவுக்கு நான்கு. அரிதாக வரும் கியூவுக்கு ஒன்றே ஒன்று. யூ நான்கும் தீர்ந்துவிட்டால் கியூவை வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

கியூவின் பின்னால் யூ வருவது இலத்தீன் மொழியின் வழக்கம். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த வழக்கத்துக்கு அடங்காத சொற்கள் வேறு மொழிகளிலிருந்து வந்தவை. அவற்றை ஒவ்வொன்றாகக் குறித்தபோது நான் வியந்துபோனேன். கிப்லா, நிகாப், புர்கா, பகீர், தலாக், வக்ஃப், காதி. எல்லாம் நம் வீட்டுச் சொற்கள்! அரபியின் காஃப் எழுத்தை ஆங்கிலத்தில் கியூவால் எழுதுவதே இதற்குக் காரணம். மத்ரஸாவில் நாக்கின் அடியிலிருந்து உச்சரிக்கப் பழகினோமே, குர்ஆனின் 50ஆவது சூராவின் பெயராக இருக்கிறதே, அந்தக் காஃப்தான். கியூவும் காஃபும் பழைய செமித்திய எழுத்தொன்றிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள். நான்கே எழுத்துள்ள வக்ஃப் 19 புள்ளிகள் தரும். கிப்லா 16 தரும்.

ஆனால் தெரிந்த சொல் என்பதற்காக விரும்பியபடி எழுத முடியாது. அடுத்த ஆட்டத்தில் காதியை, நம் நாட்டுச் சட்டத்தில் உள்ளவாறே கியூ, யூ, ஏ, இசட், ஐ என்று பெருமையோடு வைத்தேன். நானா அகராதியைப் புரட்டினார். அதில் இல்லை. கட்டைகளைத் திரும்ப எடுத்தேன். என் முறையும் போயிற்று. அகராதியில் இருந்தது கியூ, ஏ, டீ, ஐ. எந்த அகராதி நடுவர் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

இனி, நான் பின்பற்றும் வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுத்துவாரியான குறிப்பேடு. அகராதி முதலெழுத்துப்படி அடுக்கப்பட்டது. நாம் தேடும் எழுத்து நடுவிலோ இறுதியிலோ இருந்தால் அது உதவாது. எனவே கியூ, ஜே, எக்ஸ், இசட் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாடநூலிலோ பத்திரிகையிலோ அவ்வெழுத்துள்ள சொல்லைக் கண்டால் பொருளோடு எழுதிவையுங்கள்.

இரண்டாவது, சிறிய சொற்களை முதலில் பழகுதல். எக்ஸுக்கு முன் ஏ வைத்தால் கோடரி, ஓ வைத்தால் எருது, ஈ வைத்தாலும் ஒரு சொல்.

மூன்றாவது, கட்டைகளை இடம் மாற்றிப் பார்த்தல். டீம், மீட், மேட், டேம் ஆகிய நான்கும் அதே நான்கு எழுத்துகள்தாம். ஐ, என், ஜீ மூன்றும் கையில் இருந்தால் அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மிகுதி நான்கில் ஒரு வினைச்சொல் தேடுங்கள். ஏழு கட்டைகளையும் ஒரே தடவையில் வைத்தால் மேலதிகமாக 50 புள்ளிகள்.

நம்மில் பலர் பொது ஆங்கிலப் பாடவேளையில் வாய் திறப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அது யாரோ ஒருவருடைய மொழி, பிழைவிட்டால் சிரிப்பார்கள் என்ற பயம். அந்த மொழியின் அகராதிக்குள் நம் கிப்லா இருக்கிறது. தமிழிலிருந்து சென்ற கட்டுமரமும் இருக்கிறது என்று கண்ட பிறகு அந்தப் பயம் குறைந்தது. இப்போது பிழைவிட்டால் கட்டையைத் திரும்ப எடுப்பதுபோல் அடுத்த வசனத்தைத் தொடங்குகிறேன்.

பள்ளிமுனையில் நிற்கும் நம் பெருக்க மரம்கூட அகராதியில் இருக்கிறது. பாவோபாப் என்ற அந்த ஆங்கிலப் பெயரில் பீ மூன்று தடவை வரும். விளையாட்டிலோ பீ கட்டைகள் இரண்டே. மூன்றாவதற்கு, எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்றுக்கட்டை வேண்டும். இரண்டு பீயும் ஒரு வெற்றுக்கட்டையும் ஒன்றாக என் கையில் இன்னும் சேரவில்லை. சேரும் நாளில் அந்த மரத்தைப் பலகையில் நட்டுவிட்டு நானாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.