கடற்பஞ்சுத் தீவின் திருநாட்கள்



கிரேக்க நாடு என்றதும் அதன் பழங்காலக் கோயில்களும் தத்துவ அறிஞர்களுமே நம் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று அந்நாட்டின் ஒரு சிறிய துறைமுக நகரில் ஓர் ஆண்டு எவ்வாறு கழிந்தது என்பதைப் பார்ப்போம்.

ஏஜியன் கடலின் தென்கிழக்கில், துருக்கிக் கரைக்கு அருகில், கலிம்னோஸ் என்னும் தீவு இருக்கிறது. அதன் முக்கிய நகர் போத்தியா. துறைமுகத்தைச் சுற்றிக் குன்றுச் சரிவுகளில் வீடுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். தீவின் பெரும்பகுதி வறண்ட பாறை. பயிரிடுவதற்கேற்ற நிலம் குறைவு. ஆகவே மக்கள் கடலை நம்பினர். அவர்கள் கடலிலிருந்து எடுத்த பெருஞ்செல்வம் மீனன்று, கடற்பஞ்சு.

கடற்பஞ்சு பார்வைக்குச் செடிபோல் இருந்தாலும் அது ஒரு விலங்கினம். கடலடிப் பாறையில் ஒட்டிக்கொண்டு வளர்வது. அதை எடுத்து மிதித்து, கழுவி, உலர்த்தினால் சதை நீங்கி, மென்மையான நார்க்கூடு மட்டும் எஞ்சும். அதுவே குளிப்பதற்கும் துடைப்பதற்கும் பயன்படும் பஞ்சாக உலகெங்கும் விற்பனையாயிற்று.

குளிர்காலத்தில் கடல் கொந்தளிக்கும். நீரும் மிகவும் குளிர்ந்திருக்கும். கோடையில்தான் முக்குளிக்க முடியும். எனவே கலிம்னோஸ் படகுகள் வசந்தத்தில் புறப்பட்டு, எகிப்து, லிபியா, துனீசியா ஆகிய வட ஆப்பிரிக்கக் கரைகள் வரை சென்று, இலையுதிர் காலத்தில்தான் திரும்பின. ஏறக்குறைய ஆறு மாதம் ஊரில் ஆண்கள் வெகு சிலரே இருப்பர். இந்தத் தொழிலின் போக்கும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துவ சமயத்தின் திருநாட்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

ஜனவரி 6இல் இயேசு திருமுழுக்குப் பெற்ற நாள் கொண்டாடப்படுகிறது. குருவானவர் துறைமுகத்தில் நீரை ஆசீர்வதித்துச் சிலுவையைக் கடலில் எறிவார். இளைஞர்கள் குளிரைப் பொருட்படுத்தாது பாய்ந்து அதை மீட்டெடுப்பர். மீட்பவருக்கு அந்த ஆண்டு நல்லாண்டு என்பது நம்பிக்கை. கடலில் மூழ்கிப் பிழைக்கும் ஊரில் இந்த நம்பிக்கைக்கு எத்தனை பொருள் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து வருவது தவக்காலம். அதன் முதல் நாளைத் தூய திங்கள் என்பர். அன்று பிள்ளைகள் காற்றாடி விடுவர். தட்டையான ரொட்டி, ஒலிவக் காய், கணவாய் முதலியவற்றையே உண்பர். இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கப்படும். பெரிய வெள்ளியன்று மலர்களால் அலங்கரித்த கிறிஸ்துவின் பாடையைத் தெருத்தெருவாக எடுத்துச் செல்வர். மறுநாள் நள்ளிரவில் ஆலயத்தின் விளக்குகள் யாவும் அணைக்கப்படும். குருவானவர் ஏற்றிய ஒரு சுடரிலிருந்து மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டு, சற்று நேரத்தில் கூட்டம் முழுவதும் ஒளிமயமாகும். “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று ஒருவர் கூற, “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று மற்றவர் மறுமொழி கூறுவர். சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகளை ஒன்றோடொன்று மோதி உடைப்பர். கலிம்னோஸ் வீடுகளில் ஆட்டுக்குட்டியின் உள்ளே அரிசியை அடைத்து, மண்பாண்டத்தில் வைத்து, இரவெல்லாம் அடுப்பில் வேகவிடுவர். போத்தியாவுக்கு மேலுள்ள குன்றுகளில் வெடிமருந்து வெடிப்பதும் அவ்வூர் வழக்கம். அதனால் உயிர்ச்சேதம் நேர்ந்ததும் உண்டு.

ஈஸ்டர் மற்ற ஊர்களில் மகிழ்ச்சி விழா மட்டுமே. கலிம்னோஸில் அது பிரிவு விழாவாகவும் இருந்தது. ஏனெனில் அது முடிந்த சில நாட்களில் படகுகள் புறப்படும். குருவானவர் படகுகளுக்குப் புனித நீர் தெளிப்பார். முக்குளிப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு தொகை கொடுக்கப்படும். அதில் ஒரு பகுதி பழைய கடனுக்குப் போகும்; மிஞ்சியதைக் கொண்டு குடும்பம் கோடைகாலத்தை ஓட்ட வேண்டும். வாங்கிய முன்பணம் கழியும் வரை கடலில் இறங்கியே ஆகவேண்டும்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். முற்காலத்தில் முக்குளிப்பவர் கனமான தட்டைக் கல்லைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கினர். 1860களில் செம்புத் தலைக்கவசமும் ரப்பர் பூசிய உடையும் ஈயக் காலணியும் கொண்ட முக்குளிப்பு உடை அப்பகுதித் தீவுகளுக்கு வந்தது. படகிலிருந்து குழாய் வழியே காற்றைச் செலுத்தியதால் நெடுநேரம் ஆழத்தில் இருக்க முடிந்தது. பஞ்சு பெருகியது, துன்பமும் பெருகியது.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. 40 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் 5 மடங்கு. அந்த அழுத்தத்தில், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் மிகுதியாகக் கரைந்துவிடும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியே வெளியேறும். விரைந்து வந்தாலோ, சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்குவதுபோல் உடலுக்குள் குமிழிகள் தோன்றும். அவை மூட்டுகளைத் தாக்கும். முதுகுத் தண்டைத் தாக்கினால் கால்கள் செயலற்றுப்போகும். எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு நேரம் எடுத்து மேலே வரவேண்டும் என்ற அட்டவணையை விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன் வெளியிட்டது 1908இல்தான். அதற்கு முன்பே இத்தீவுகளின் இளைஞர் பலர் மாண்டனர். பலர் ஊன்றுகோலுடன் கரை திரும்பினர்.

ஆகஸ்ட் 15, அன்னை மரியாளின் திருநாள். கோடையின் பெருவிழா இது. கணவனும் மகனும் கடலில் இருக்க, மனைவியரும் தாய்மாரும் அன்று எதற்காக மன்றாடியிருப்பர் என்று சொல்லத் தேவையில்லை. இலையுதிர் காலத்தில் படகுகள் தென்பட்டால் ஊரே துறைமுகத்தில் கூடும். சில வீடுகளில் அன்று விருந்து. சில வீடுகளில் ஒப்பாரி. டிசம்பர் 6இல் மாலுமிகளின் காவலரான புனித நிக்கலாவின் திருநாள். ஆண்டு இவ்வாறு நிறைவுறும்.

இத்தீவின் ஆடல்களுள் ஒன்று ‘மிஹானிக்கோஸ்’. முக்குளிப்பு உடை அணிந்து இறங்கியவரை அப்பெயரால் அழைத்தனர். ஆடவர் கைகோத்து ஆடுகையில், முன்னிற்பவர் கோலூன்றி, கால் நடுங்க, ஆட முயன்று தடுமாறுவார். வெடிகளும் வண்ண முட்டைகளும் உள்ள ஊரிலே, முடமான தொழிலாளியின் துயருக்கும் ஆடலில் ஓர் இடம் தந்திருக்கிறார்கள்.

இன்று நிலைமை மாறிவிட்டது. செயற்கைப் பஞ்சு சந்தையைப் பிடித்தது. 1986இல் தொடங்கிய ஒரு நோய், கிழக்கு மத்தியதரைக் கடலின் பஞ்சுகளைப் பெருமளவு அழித்தது. மக்கள் பலர் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர். பஞ்செடுக்கும் படகுகள் வெகு சிலவே எஞ்சியுள்ளன. பாறைகளில் ஏறி விளையாட வரும் வெளிநாட்டாரால் ஊருக்கு இப்போது வருவாய் கிடைக்கிறது. ஆயினும் சிலுவை இன்றும் கடலில் எறியப்படுகிறது. ஈஸ்டர் வெடி இன்றும் முழங்குகிறது. கோலூன்றிய ஆடலும் தொடர்கிறது.

நேயர்களே, தொழில் மறைந்தாலும் திருநாள் நிலைத்து நிற்கலாம். ஆனால் அது ஏன் தோன்றியது என்பதைப் பெரியோர் சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். நடுங்கும் அந்தக் கால்கள் வேடிக்கைக்காக நடுங்கவில்லை என்று யாரேனும் எடுத்துக்கூறும் வரையில், கடலில் உழைத்தவர்களை அவ்வூர் மறக்காது.