சிடி20 பிறபொருளெதிரி

சிடி20 பிறபொருளெதிரி என்பது பி உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிடி20 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி ஆகும். பெரும்பாலான பி உயிரணு நிணநீர்ப் புற்றுநோய்களிலும், குறைந்த அளவில் நாட்பட்ட நிணநீரணு இரத்தப் புற்றுநோயிலும் இப்புரதம் காணப்படுகிறது.

1980களின் தொடக்கத்தில் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ரொனால்டு லெவி குழுவினர் ஒவ்வொரு நோயாளியின் கட்டிக்கும் தனித்தனியே பிறபொருளெதிரி உருவாக்கினர். சிலருக்குப் பயன் கிடைத்தது. ஆயினும் ஆளுக்கொரு மருந்து என்பது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. அனைவருக்கும் பொதுவான சிடி20 புரதத்தை இலக்காகக் கொண்ட ரிட்டுக்சிமாப் 1997 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

நலமான பி உயிரணுக்களிலும் இப்புரதம் உள்ளதால் அவையும் அழிகின்றன. எலும்பு மச்சையின் குருத்தணுக்களில் இது இல்லாததால், சிகிச்சை முடிந்து சில மாதங்களில் புதிய பி உயிரணுக்கள் தோன்றத் தொடங்குகின்றன. இதற்கிடையே, உடலில் அடங்கியிருந்த கல்லீரல் அழற்சி பி தீநுண்மம் மீண்டும் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே அதற்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.